முன்னாள் படைவீரர்களுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். அது எப்போது சிகிச்சையாகிறது?

கரிக்கோல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலூர் பக்கத்தில் அரசுப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வட்டாரத்தை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: தெருவுக்கு நான்கைந்து பட்டாளத்து வீடுகள் உண்டு. சென்ற தை மாதம் அவர்களில் சிலர் என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்குப் படம் வரையக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைவதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். நூலகத்தின் மாடியறையில் ஒன்பது பேர் கூடுகிறோம். முதல் இரண்டு மாதங்கள் பானை, வாழைக்குலை, தென்னைமரம் என்று வழக்கமான பாடங்களாகவே போயின.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் முன்னால் வைத்திருந்த பானையை விட்டுவிட்டு, சாலைக்குக் குறுக்கே கட்டப்பட்ட ஒரு சிறிய பாலத்தை வரைந்தார். அடுத்த வாரமும் அதையே வரைந்தார். இன்றுவரை பதினோரு தாள்கள் ஆகிவிட்டன. சாலையும் மரங்களும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கோடுகளாக இருக்கும். பாலத்துக்கு அடியில் உள்ள குழாயின் வாயை மட்டும் தாள் கிழியும்வரை கரிக்கோலால் தேய்த்திருப்பார். நான் ஆசிரியப் புத்தியோடு அருகில் போய், ‘சார், நிழலை இவ்வளவு அழுத்திப் போடவேண்டாம்’ என்று திருத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கரிக்கோலைத் தாளின்மேல் வைத்துவிட்டு எழுந்து போய், மாடிப்படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். என் பணிக்காலத்தில் எத்தனையோ தாள்களைத் திருத்தியிருக்கிறேன். இதைப் போல ஒரு தவறான திருத்தத்தைச் செய்ததில்லை.

அவர் 1988இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கையில் இருந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என் கேள்வி இதுதான். ஓவிய சிகிச்சை என்று ஒன்று வெளிநாட்டு ராணுவ மருத்துவமனைகளில் நடக்கிறது என்று படித்திருக்கிறேன். நான் அறியாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறேனா? தகுதியில்லாத நான் நிறுத்திவிட வேண்டுமா? அந்தப் பாலத்தைப் பற்றி அவரிடம் கேட்கலாமா, கூடாதா?

மருந்துச்சீட்டு

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். ஆனால் ‘அங்கே என்ன நடந்தது’ என்ற கேள்வி உங்களிடமிருந்து வரக்கூடாது. நான் மனநல மருத்துவன். அந்தக் கேள்வியை எப்போது கேட்பது, கேட்டபின் எழும் அலையை எப்படித் தாங்குவது என்பதற்குத்தான் எங்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சி தருகிறார்கள். நினைவு திறந்துகொண்ட மனிதர், நூலகம் பூட்டும் நேரமாகிவிட்டதே என்று அன்றிரவு அதனோடு வீட்டுக்குத் தனியாகப் போகும்படி ஆகிவிடக்கூடாது.

இனி சிகிச்சைக்கு வருகிறேன். போர் அனுபவத்தால் வரும் பி.டி.எஸ்.டி.க்கு, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மனநோய்க்கு, உறுதியான சான்று உள்ள முறைகள் சில உண்டு. அந்த நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறை ஒன்று. ‘என்னால்தான் அவன் செத்தான்’ என்பது போன்ற முடிவுகளை எடுத்து வைத்து ஆராயும் சி.பி.டி. என்ற முறை மற்றொன்று. கண்ணசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். இன்னொன்று. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இவற்றை முன்வைக்கிறது. கலைவழிச் சிகிச்சைகளைப் பற்றி அதே வழிகாட்டி, பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்கிறது.

ஓவிய சிகிச்சை பயனற்றது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுகள் மிகச் சிறியவை என்பதுதான் என் குறை. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், போரில் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சி.பி.டி. மட்டும், மற்றதற்குச் சி.பி.டி.யோடு ஓவிய சிகிச்சையும் தந்தார்கள். மொத்தம் 11 பேர்தான். இரு பிரிவிலும் நோய்க்குறிகள் குறைந்தன; இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வுக்கு, அதிர்ச்சிக்கு ஆளான பெரியவர்களிடம் முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் ஆறுதான் கிடைத்தன. அவற்றில் பாதியில்தான் அதிர்ச்சியின் குறிகள் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைந்திருந்தன. இவ்வளவு மெல்லிய அடித்தளத்தின்மேல் மாடி கட்டக்கூடாது.

வகுப்பை நிறுத்தவேண்டியதில்லை. ஆனால் அதன் பெயர் வகுப்பு என்றே இருக்கட்டும்.

பொட்டோமாக் கரை

மருத்துவர் சொன்ன 2016ஆம் ஆண்டு ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதில் அவர் விட்டுவிட்ட ஒரு பகுதி உண்டு. மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லையென்றாலும், ஓவியமும் சேர்த்துப் பெற்றவர்கள் அதைத் தங்கள் சிகிச்சையின் முக்கியமான பகுதியாகக் கருதினார்கள். நினைவைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கவும், மரத்துப்போன உணர்ச்சியை மீண்டும் தொடவும் அது உதவியது என்றார்கள். எண்ணிக்கை சிறியது என்பது இதற்கும் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன்.

நான் மேரிலாந்தில் வசிக்கிறேன். இங்கே பெதெஸ்டாவில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவ மையத்தின் வளாகத்தில், குண்டுவெடிப்பால் மூளை அதிர்ந்தவர்களுக்காக இன்டிரெபிட் மையம் என்ற பிரிவை 2010இல் திறந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சாலையோரக் குண்டுகளின் அருகே இருந்து உயிர் பிழைத்தவர்கள் பலர், உடலில் ஒரு கீறல்கூட இல்லாமல், ஆனால் தூக்கமும் நினைவாற்றலும் சொல்வளமும் குலைந்து திரும்பினார்கள். அவர்களுக்கு நான்கு வாரத் தீவிரச் சிகிச்சை. நரம்பியல், உளவியல், தூக்கம், உடற்பயிற்சி என்று பல துறைகளுக்கு நடுவே ஓவிய சிகிச்சையும் அங்கே ஒரு துறை. முதல் வாரத்திலேயே ஆளுக்கு ஒரு வெற்று முகமூடி தருவார்கள். காகிதக்கூழால் செய்த வெறும் முகம். அதன்மேல் வண்ணம், களிமண், முள்கம்பி, துணி, எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

2015 பிப்ரவரி மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் அந்த முகமூடிகளின் படங்கள் வந்தபோதுதான் உலகம் அவற்றைப் பார்த்தது. வாய் தைக்கப்பட்ட முகங்கள், பூட்டு மாட்டிய தாடைகள், பாதி கொடியும் பாதி மண்டையோடுமாகப் பிளந்த முகங்கள். படைவீரன் என்ற பெருமையையும் உடைந்துபோன தன்னையும் ஒரே முகத்தின் இரு பாதிகளாக ஒட்டிவைத்தவர்கள் பலர்.

பிறகு அப்போது அங்கே பணிபுரிந்த ஓவிய சிகிச்சையாளர் மெலிசா வாக்கரும், டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர் கிரிஜா கைமாலும் (இவர் இந்தியாவிலிருந்து வந்தவர்) வேறு சிலரும் சேர்ந்து 370 முகமூடிகளை வகைப்படுத்தி ஆராய்ந்தார்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட முடிவு இதுதான்: தன் படைப்பிரிவின் அடையாளத்தை, தோழர்களோடு சேர்ந்திருந்த உணர்வை முகமூடியில் வைத்தவர்களுக்கு அதிர்ச்சியின் குறிகள் குறைவாக இருந்தன, ராணுவச் சின்னங்களைச் சிதைந்த துண்டுகளாகவும், மனக்காயத்தை நேரடியாகவும் வைத்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தன. முகமூடி நோயைக் குணப்படுத்தியது என்பதற்கு இது சான்றாகாது. அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை, வாய் திறப்பதற்கு முன்பே முகமூடி சொல்லியிருக்கிறது என்பதற்குத்தான் சான்று.

வாக்கர் தம் உரை ஒன்றில் சொன்ன நிகழ்ச்சியையும் குறிப்பிடவேண்டும். ஒரு வீரரை இரத்தம் தோய்ந்த ஒரு முகம் பல ஆண்டுகளாகத் துரத்திவந்தது. அதை முகமூடியில் வரைய முதலில் அவருக்கு அச்சம். வரைந்து முடித்தபின், சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகும்போது அதை மையத்திலேயே விட்டுச் சென்றார். தலைக்குள் இருந்த ஒன்றுக்கு முதல்முறையாகத் தலைக்கு வெளியே ஓர் இடம் கிடைத்தது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். கரிக்கோல் ஐயாவின் ஹவில்தார் பதினோரு தாள்களில் அந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார் போலும்.

நாயக் (ஓய்வு)

நானும் பட்டாளத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்தவன். இந்த உரையாடலில் எனக்கு இரண்டு மனவருத்தங்கள் உண்டு.

முதலாவது, ‘தேடிக்கொண்டிருக்கிறார் போலும்’ என்ற அந்தச் சொல். அந்தப் பாலம் அவர் சொந்த ஊர் ஏரிக்கரைப் பாலமாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து ஆளைக் கணிப்பது ஜாதகம் பார்ப்பதைப் போன்றது. பட்டாளத்துக்காரன் கறுப்பாக எதை வரைந்தாலும் அதில் குண்டு வெடிக்கிறது என்று நினைப்பதே ஒரு வகை அவமதிப்பு.

இரண்டாவது, முகமூடிகளைப் பத்திரிகையில் போட்டது. அவர்கள் சம்மதித்துத்தான் போட்டிருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒருமுறை, சுதந்திர தின விழாவுக்கு முன்னாள் வீரர்களின் கைவினைக் கண்காட்சி என்று வைத்து, ஒருவர் தனக்காக மட்டும் வரைந்து வைத்திருந்ததையும் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள். அவர் அதன்பின் வரைவதையே விட்டார். ஓவியம் நல்லதா கெட்டதா என்பதைவிட, அதை யார் பார்க்கலாம் என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி.

மருந்துச்சீட்டு

நாயக் ஐயா சொல்வது முழுவதும் சரி. நான் எழுதிய நீண்ட பதிவைவிட இந்தப் பதிவு கரிக்கோலுக்கு அதிகம் பயன்படும்.

தையல்நூல்

நான் இங்கிலாந்தில் ஓவிய சிகிச்சையாளராகப் பதிவு பெற்றுப் பணிபுரிகிறேன். வகுப்புக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடுதான் இழையின் கேள்வி என்பதால், அதற்கு வரலாற்றின் வழியே விடை சொல்லப் பார்க்கிறேன்.

முதல் உலகப்போரில் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல் 1915இல் மருத்துவ இதழில் ஏறியபோது, பேச்சிழந்தும் நடுங்கியும் வந்தவர்களைக் கோழைகள் என்று கருதியவர்களே அதிகம். எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற மருத்துவர் மட்டும், மறக்கச் சொல்வது தீங்கு, தாங்கக்கூடிய அளவில் நினைக்க உதவுவதே சிகிச்சை என்று வாதாடினார். நீலகிரியில் 1901–02இல் தோடர்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்தாரே, அதே ரிவர்ஸ்தான். ஒருவரின் சொற்களை அவர் உலகத்துக்குள் நின்று கேட்கும் பழக்கம் அவருக்கு அந்தத் தோடர் குடியிருப்புகளிலேயே வந்திருக்கவேண்டும் என்பது என் சொந்த ஊகம்.

‘ஓவிய சிகிச்சை’ என்ற பெயரை 1942இல் உருவாக்கிய ஏட்ரியன் ஹில்லும் ஒரு முன்னாள் படைவீரர்தான். முதல் உலகப்போரில் போர்முனையை வரைந்தவர். 1938இல் காசநோய்க்காகச் சசெக்ஸில் ஒரு சானடோரியத்தில் படுத்திருந்தபோது, படுக்கையருகே இருந்த பொருள்களை வரைந்தே தம்மைத் தேற்றிக்கொண்டார். பிறகு போரிலிருந்து காயத்தோடு அங்கே வந்த வீரர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். கரிக்கோல் ஐயா, உங்களைப் போலவே அவரும் பானையிலிருந்துதான் தொடங்கினார் என்று சொல்லலாம். அவர் செய்தது பெரும்பாலும் மனத்தை நோயிலிருந்து திருப்பும் வேலை. இன்று நாங்கள் சிகிச்சை என்று சொல்வது அதைத் தாண்டியது.

போர் முடிந்தபின் 1946இல் சர்ரேயில் நெதர்ன் மனநல மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்சன் ஒரு ஓவியக்கூடம் நடத்தத் தொடங்கினார். அவருடைய விதி எளிமையானது: திருத்தமாட்டார், பாராட்டமாட்டார், பொருள் சொல்லமாட்டார். கூடத்தைத் திறந்து, தாளும் வண்ணமும் வைத்து, கூடவே உட்கார்ந்திருப்பார். எங்கள் துறையில் அதன்பின் கோட்பாடுகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் அந்த உட்கார்ந்திருத்தலை நான் இன்னும் மேலானதாக நினைக்கிறேன்.

சிகிச்சை அறையில் நடப்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். ஆறேழு பேர். அதே கிழமை, அதே நேரம், அதே நாற்காலி. கதவுக்கு முதுகைக் காட்டி யாரையும் உட்கார வைக்கமாட்டோம். பட்டாளத்தில் இருந்தவர்கள் வாசலைப் பார்த்தபடி இருக்கவே விரும்புவார்கள். ஒரு சொல்லைத் தருவோம், ‘கரை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரைமணியோ முக்கால் மணியோ பேச்சில்லாமல் வரைவார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தம் படத்தைப் பற்றிப் பேச விரும்பினால் பேசுவார்கள், விரும்பாவிட்டால் திருப்பிவைப்பார்கள். நான் கேட்கும் கேள்விகள் படத்தைப் பற்றியவை. ஆளைப் பற்றியவை அல்ல. ‘இந்தச் சாலை எங்கே போகிறது?’ என்று கேட்பேன். ‘நீங்கள் எங்கே போனீர்கள்?’ என்று கேட்கமாட்டேன். சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டே தன்னைப் பற்றிப் பேசிவிடும் உரிமையும், பேசாமல் தப்பித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு ஒருசேர இருக்கின்றன. முடிவில் பத்து நிமிடம் அனைவரும் தேநீரோடு சாதாரணப் பேச்சுக்குத் திரும்பிய பிறகே வெளியே விடுவோம். படங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். சிகிச்சை முடியும்போது அவற்றை எடுத்துச்செல்வதா, விட்டுச்செல்வதா என்பதை அவரே முடிவு செய்வார். இங்கே 1919 முதல் இயங்கிவரும் ‘காம்பாட் ஸ்டிரஸ்’ என்ற அறக்கட்டளையும் முன்னாள் வீரர்களுக்கு ஓவிய சிகிச்சையைக் குழுவாகவே தந்துவந்திருக்கிறது. குழுவாக வாழ்ந்து பழகியவர்களுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது.

அதிர்ச்சியை நினைக்கும் நேரத்தில் மூளையின் பேச்சுப் பகுதி மங்கிவிடுகிறது, அதனால்தான் ஓவியம் வேலை செய்கிறது என்று எங்கள் துறையில் பலர் சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1996ஆம் ஆண்டு ஆய்வில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கம் தவறென்று நாளைக்குத் தெரிந்தாலும் என் அறையில் நான் காண்பது மாறாது.

சுபேதார் வீட்டுப் பெண்

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் வீரரைப் பற்றியே பேசினீர்கள். வீட்டில் இருந்த எங்களைப் பற்றியும் ஒரு பதிவு இருக்கட்டும்.

என் தந்தையும் அமைதிப்படையில் போனவர். ஓராண்டில் திரும்பி வந்தார். நாங்கள் தமிழர்கள், அவர் போனதும் தமிழர்கள் வாழும் ஊர்களுக்கு. காயப்பட்டுக் கிடந்தவர்கள் தண்ணீர் கேட்டதும் தமிழில்தான். அவர் திரும்பி வந்த ஊரில் அதைப் பற்றி யாரிடம் சொல்வது? 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை என்பது நாடறிந்த செய்தி. தமிழர்களோடு போரிட்ட படை என்று அதற்கு அவருக்கு ஒரு நியாயம் இருந்தது, ஊரில் பலரும் அதையே நியாயம் என்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்துத் திரும்பிய படைக்கும் ஒரு துக்கம் இருந்தது. இரண்டும் ஒரே தெருவில் இருந்ததால் அப்பா வாயைத் திறக்கவே இல்லை. கார்கிலில் இருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசுவார்கள். அப்பாவை யாரும் அழைத்ததில்லை; அழைத்தாலும் போயிருக்கமாட்டார்.

அவர் இறந்தபின், அவருடைய டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு அளவில் வெட்டிய அட்டைகள் முப்பது கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு. கயிறு இருக்கும், வாளி இருக்காது. அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ‘இதைத்தான் ராத்திரியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாரா, நான் கணக்கு என்றல்லவா நினைத்தேன்’ என்று மட்டும் சொன்னார். அந்தக் கிணறு என்னவென்று எங்களுக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. நாயக் ஐயா சொன்னதுபோல நாங்களும் கணிக்கப்போவதில்லை. ஆனால் அப்பா உயிரோடு இருந்தபோது, அவர் வரைகிற அறையில், அதைப் பார்த்துக்கொண்டு யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஸ்டர், நீங்கள் வகுப்பை நிறுத்தாதீர்கள்.

மருந்துச்சீட்டு

அம்மா எழுதியதைப் படித்தபின், நான் முதல் பதிவில் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கவேண்டும். எல்லாப் போர்க்காயமும் அச்சத்தால் வருவதல்ல. வியட்நாமில் போரிட்டவர்களோடு பாஸ்டனில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜோனத்தன் ஷே, சரி என்று மனம் நம்பிய ஒன்று மேலிடத்தாலேயே மீறப்படும்போது உண்டாகும் காயத்தைத் தனியாகப் பெயரிட்டுப் பேசினார். அதை நான் அறக்காயம் என்று தமிழில் சொல்வதுண்டு. அச்சத்துக்கு ‘இப்போது பாதுகாப்பாக இருக்கிறாய்’ என்று விடை சொல்லலாம். அறக்காயத்துக்கு அந்த விடை பொருந்தாது. அங்கே தேவைப்படுவது சாட்சி. வியட்நாம் வீரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசியும் வற்புறுத்தியும்தான் 1980இல் பி.டி.எஸ்.டி. நோய்ப்பட்டியலிலேயே ஏறியது. அவர்களுடைய போரும் ஊர் பேச விரும்பாத போர்தான்.

சாட்சியாக இருப்பதற்கு ஓர் ஓவிய அறை நல்ல இடம் என்று ஒப்புக்கொள்கிறேன். இதை அளக்க எங்கள் வினாப்பட்டியல்களில் இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அளக்க முடியாதது நடந்தே தீர்கிறது என்று மட்டும் என்னைச் சொல்லவைக்காதீர்கள்.

கரிக்கோல்

அனைவருக்கும் நன்றி. நான்கு வாரங்களாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

முதலில் மேசைகளைத் திருப்பிப் போட்டேன். அனைவருக்கும் வாசல் தெரிகிறது. தையல்நூல் அம்மா எழுதியதைப் படிக்கும்வரை, இவர்கள் ஏன் வந்தவுடன் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்பார்வைக் குறை என்று நினைத்து விளக்கை மாற்றினேன். இரண்டாவதாக, திருத்துவதை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். முதல் ஒரு மணிநேரம் பாடம். அதில் கோட்டையும் நிழலையும் தாராளமாகத் திருத்துவேன். அடுத்த முக்கால் மணி அவரவர் விருப்பம். அதில் நான் வாய் திறப்பதில்லை, நானும் ஒரு தாளை எடுத்து வரைகிறேன். சும்மா நின்று பார்த்தால் பாரா போடுவது போல இருக்கிறது என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் செய்த ஏற்பாடு அது. முடிவில் தேநீர்.

இடையில் ஒரு விவாதம் நடந்தது. ஈராக்கிலிருந்து திரும்பிய வீரர்கள் தம் சீருடையை அஞ்சல்தலை அளவுக்கு வெட்டி, தண்ணீரில் அடித்துக் கூழாக்கி, அதிலிருந்து காகிதம் செய்து, அதன்மேல் அச்சிடுகிறார்கள். 2007இல் அமெரிக்காவில் வெர்மாண்டில் தொடங்கிய ‘காம்பாட் பேப்பர்’ என்ற முயற்சி அது. இதைப் படித்து வியந்து வகுப்பில் சொன்னேன். ஒரு சுபேதார் உடனே, ‘மாஸ்டர், சீருடையில் கத்தரி வைப்பதா? பொத்தானை மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியில் வைப்போம், வெட்டமாட்டோம்’ என்றார். மற்றொருவர், ‘எனக்கு வெட்டவேண்டும் போலத்தான் இருக்கிறது’ என்றார். அறை அமைதியாகிவிட்டது. நான் அதற்குமேல் அதைத் தொடவில்லை. அங்கே அது பொருத்தமாக இருந்திருக்கலாம். இங்கே அதைத் தொடங்கிவைக்கும் உரிமை எனக்கு இல்லை.

ஜெர்மானிய ஓவியர் ஒட்டோ டிக்ஸ் எனக்கு எப்போதும் நினைவில் வருவார். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து திரும்பி, 1924இல் ஐம்பது செதுக்கோவியங்கள் வெளியிட்டவர். போருக்குப் பின் பத்தாண்டுகளுக்காவது இடிந்த வீடுகளுக்குள் ஊர்ந்து செல்லும் கனவு தம்மை விடவில்லை என்று முதுமையில் சொன்னார். ஐம்பது தாள் செதுக்கிய கைக்கே அப்படி என்றால், பதினோரு தாளில் என்ன ஆகிவிடும் என்று அவசரப்படுவது என் பிழை.

தையல்நூல்

நன்றாகச் செய்கிறீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஒருவர் நடுங்கினாலோ, கண்கள் ஓரிடத்தில் நிலைத்துக் கூப்பிட்டும் திரும்பாவிட்டாலோ, நீங்கள் என்ன செய்வீர்கள்?

மருந்துச்சீட்டு

அதற்கு நான் சொல்கிறேன். தொடாதீர்கள். எதிரில், அவர் கண்ணில் படும்படி சற்றுத் தள்ளி நின்று, அவரைப் பெயர் சொல்லி அழைத்து, இன்று என்ன கிழமை, எந்த ஊர், யார் யார் இருக்கிறோம் என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுங்கள். அன்று தனியாக அனுப்பாதீர்கள். தூக்கம் பல வாரம் கெட்டிருந்தாலோ, குடி கூடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, வகுப்பை நம்பி நாளைக் கடத்தவேண்டாம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் வழியாக மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம். அந்த எண்ணைக் கரும்பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். யாருக்கென்று குறிப்பிடவேண்டாம்.

கரிக்கோல்

எழுதிவிட்டேன். அடுத்த வாரம் பார்த்தபோது இரண்டு பேர் தம் கைப்பேசியில் அதைப் பதிந்துகொண்டிருந்தார்கள். யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஹவில்தாரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பாலம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. குழாயின் வாய் முன்புபோலவே கறுப்பு. மருத்துவரிடம் போகலாமா என்று நான் தனியாக ஒருமுறை கேட்டேன். பார்க்கலாம் என்றார், வேண்டாம் என்று சொல்லவில்லை. படங்களை வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பமில்லை, நூலகத்தில் மற்றவர் கண்ணில் படவும் கூடாது என்றார். நூலகரிடம் கேட்டு மாடியில் ஒரு பழைய இரும்பு அலமாரியை வாங்கினேன். பூட்டுக் கடைக்கு ஹவில்தாரும் வந்தார். கடைக்காரர் இரண்டு சாவி தந்தார். இரண்டையும் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றை என்னிடம் கொடுத்தார்.